சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமான அமிலம் நீர்த்துப்போகுமா?

நிலாமுற்றம் (இழை தொடக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நான் சாப்பாட்டோடு தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தாலே விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடுகிறது. "சாப்பிடும்போது தண்ணி குடிச்சா வயித்து அமிலம் நீர்த்துப்போயிடும், சாப்பாடு செரிக்காம உள்ளேயே கிடந்து அழுகும்" என்பது என் கணவரின் தீர்ப்பு. ஏதோ ஒரு காணொளியில் கிடைத்த ஞானம். எனக்கோ நாலு வாய்க்கு ஒரு மடக்கு இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. அதே காணொளியில், சாப்பாட்டுக்கு மேல் பழம் சாப்பிட்டால் பழமும் அழுகும் என்று வேறு சொல்லியிருக்கிறார்களாம்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உள்ளே போன சாப்பாட்டுக்கு உண்மையில் என்னதான் ஆகிறது?

---

இரவுப்பறவை

எனக்குத் தெரிஞ்சு அவர் சொல்றது சரிதாங்க. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, ஒரு மணி பின்னாடி, நடுவுல ஒரு சொட்டுகூடக் கூடாதுன்னுதான் நானும் படிச்சேன். அமிலத்துல தண்ணி ஊத்தினா வீரியம் குறையும்ங்கிறது பள்ளிக்கூட வேதியியல்தானே?

---

கரைசல்

பள்ளிக்கூட வேதியியல் சொல்லிக்கொடுத்துத்தான் 22 வருஷமாகப் பிழைப்பு நடத்துகிறேன், அதனால் இதில் தலையிடாமல் இருக்க முடியவில்லை.

குறையும். எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. பேச்சுக்கு, வயிற்றில் 100 மி.லி. சாறு இருக்கிறது, அதன் பிஹெச் (அமிலத்தின் காட்டத்தைக் காட்டும் எண், அது குறையக் குறையக் காட்டம் கூடும்) 1.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர், 250 மி.லி. தண்ணீர் குடிக்கிறீர்கள். மூன்றரை மடங்கு நீர்த்துவிட்டது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பிஹெச் மடக்கை அளவு. பத்து மடங்கு நீர்த்தால்தான் ஓர் எண் ஏறும். மூன்றரை மடங்குக்கு 0.54தான். 1.5 என்பது ஏறக்குறைய 2 ஆகும், அவ்வளவே. இரைப்பையில் புரதத்தை வெட்டும் பெப்சின் அந்த 2-லும் நன்றாகவே வேலை செய்யும்.

ஒரு டம்ளருக்கெல்லாம் அசைகிற அமிலம் இல்லை அது.

---

சந்தேகப்பேர்வழி

கரைசல் ஐயா, கணக்கு சரி, ஆனால் காட்சி தப்பு. நீங்கள் வெறும் வயிற்றில் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறீர்கள். கேள்வி சாப்பாட்டோடு குடிப்பதைப் பற்றியது. சாப்பாடு என்ன, காற்றா? அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான். போதாததற்கு அதிலுள்ள புரதம் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்படிப் பார்த்தால் அமிலத்தின் முதல் எதிரி சாப்பாடுதானே?

---

கரைசல்

ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டுவிட்டேன். சாப்பிட்ட உடனே இரைப்பையின் பிஹெச் 4, 5 என்று ஏறிவிடும். பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல இறங்கும். தண்ணீர் "நீர்க்கச் செய்வது" பாவம் என்றால் சாப்பிடுவது அதைவிடப் பெரிய பாவம். நிலாமுற்றம், இதை அப்படியே கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

---

நுண்ணோக்கி

உடலியங்கியல் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் ஒரு பெரிய பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எல்லோரும் இரைப்பையை ஒரு முறை அமிலம் ஊற்றி மூடிவைத்த ஜாடி மாதிரி பேசுகிறீர்கள். அது ஜாடி இல்லை, அமிலம் தயாரிக்கிற இடம். உணவு வந்து சுவர் விரிந்தாலோ, புரதத் துணுக்குகள் சுவரில் பட்டாலோ, காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, "இன்னும் ஊற்று" என்று அமிலச் செல்களுக்குச் சொல்லும். அமிலம் போதுமான அளவு ஏறியதும் சோமடோஸ்டாட்டின் என்ற இன்னொன்று வந்து "போதும் நிறுத்து" என்று சொல்லும். நீர்த்தால் சுரக்கும், மிஞ்சினால் நிற்கும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பைச் சாறு இப்படித்தான் சுரக்கிறது. நீங்கள் குடித்த ஒரு டம்ளர் இதற்கு நடுவில் எந்த மூலை?

அதுவும் அந்தத் தண்ணீர் அங்கே தங்குவதே இல்லை. வெறும் வயிற்றில் குடித்த தண்ணீரில் பாதி, கால் மணி நேரத்துக்குள் சிறுகுடலுக்குப் போய்விடும். வயிற்றில் திட உணவு இருந்தாலும் இரைப்பையின் உள்வளைவை ஒட்டி ஒரு குறுக்குவழி உண்டு, தண்ணீர் பெரும்பாலும் அதன் வழியே உணவைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். ஜெர்மன்காரர்கள் அதற்கு "வயிற்றுத் தெரு" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பது தனிக் கதை. 1822-ல் அமெரிக்காவின் மக்கினா தீவில் அலெக்ஸி சான் மார்ட்டின் என்ற தோல் வணிகத் தொழிலாளிக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குப் போகும் ஓட்டை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக இறக்கி, மணிக்கொரு தடவை இழுத்துப் பார்த்தார். சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடல் சூட்டில் வைத்தபோது, உணவு அந்தக் குப்பியிலும் கரைந்தது. செரிமானம் ஒரு வேதிவினை, ஏதோ உயிர்ச்சக்தியின் மாயம் இல்லை என்று சந்தேகமில்லாமல் காட்டிய சோதனை. 1833-ல் புத்தகமாக வந்தது. சான் மார்ட்டினுக்கு இதிலெல்லாம் அத்தனை விருப்பம் இருந்ததில்லை, பலமுறை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாடப்புத்தகங்கள் மருத்துவரின் பெயரைத்தான் தடித்த எழுத்தில் போடுகின்றன.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. செரிமானம் என்றதும் எல்லோரும் இரைப்பையையும் அமிலத்தையுமே பிடித்துக்கொள்கிறோம். ஆனால் இரைப்பையில் நடக்கும் செரிமானம் கொஞ்சம்தான். புரதச் செரிமானத்தில் பெப்சினின் பங்கு 10 முதல் 20 விழுக்காடு. மாவுச்சத்தை அமிலம் தொடுவதே இல்லை. கொழுப்பில் சிறு பங்கு. சத்து உறிஞ்சப்படுவது அங்கே அநேகமாக இல்லவே இல்லை. கச்சேரி முழுக்கச் சிறுகுடலில். இரைப்பை வெறும் பக்கவாத்தியம்.

---

இரவுப்பறவை

அப்போ எனக்கு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு சாப்பிட்டுப் படுத்தா நெஞ்சு எரியுதே, அது பக்கவாத்தியமா? அவ்வளவு காட்டமான அமிலம் வயித்தையே அரிச்சுத் தின்னாம எப்படி இருக்கு?

---

நுண்ணோக்கி

நல்ல கேள்வி தம்பி. இரைப்பையின் உட்சுவர் மேல் கோழை மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அதற்குள் அமிலத்தை அடக்கும் பைகார்பனேட் கசிந்துகொண்டே இருக்கும். படலத்துக்கு மேலே பிஹெச் 2, அடியில், செல்லைத் தொடும் இடத்தில், ஏறக்குறைய 7. இரண்டுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதோடு உட்சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை முழுக்கப் புதுசாகிவிடும். பெப்சினும் வெட்டுகிற உருவத்தில் சுரப்பதில்லை. பெப்சினோஜன் என்று உறைக்குள் வைத்த கத்தியாகத்தான் வரும், அமிலத்தில் விழுந்த பிறகுதான் உறை கழலும்.

உணவுக்குழாய்க்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் அடியில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்து அமிலம் மேலே வந்தால் எரியும். சாப்பிட்ட உடனே படுத்தால் அது இன்னும் சுலபம். அதனால் நெஞ்செரிச்சலை வைத்து அமிலம் அதிகம் என்று முடிவுகட்ட முடியாது, பெரும்பாலும் அது இடம் மாறிய அமிலம்தான். படுக்கப் போகும் முன் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விட்டுப் பாருங்கள். அடிக்கடி வந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, எடை குறைந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்தாலோ இந்த இழையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

---

காலிப்பானை

பல வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியது கிடையாது. இந்த இழைக்காக எழுதுகிறேன்.

எனக்கு வயிறு கிடையாது. இது பேச்சுக்குச் சொல்வது இல்லை. ஆறு வருஷம் முன்பு புற்றுநோய் என்று இரைப்பையை முழுசாக எடுத்துவிட்டார்கள். உணவுக்குழாயை நேராகச் சிறுகுடலில் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். பித்தமும் கணையச் சாறும் கொஞ்சம் கீழே தனி வழியாக வந்து கலக்கும்.

முதலில் நான் கேட்டதும் நீங்கள் கேட்பதையேதான்: "டாக்டர், வயிறு இல்லாம எப்படிச் செரிக்கும்?" அவர் சிரித்துக்கொண்டு, 1897-லேயே ஜூரிக்கில் ஷ்லாட்டர் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணுக்கு முழு இரைப்பையையும் எடுத்ததாகவும் அந்த அம்மா அதற்குப் பிறகு ஓர் ஆண்டுக்கு மேல் சாப்பிட்டு வாழ்ந்ததாகவும் சொன்னார். அந்தக் காலத்திலேயே முடிந்ததா என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது.

இன்று நான் புரதம், கொழுப்பு, மாவு எல்லாம் சாப்பிடுகிறேன். செரிக்கிறது. எடை 14 கிலோ குறைந்தது, பிறகு நின்றுவிட்டது. அமிலம் ஒரு சொட்டு இல்லை. நுண்ணோக்கி அம்மா சொன்னதற்கு உயிரோடு இருக்கும் சாட்சி நான்.

---

சந்தேகப்பேர்வழி

ஐயா, உங்கள் பயனர் பெயரைப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறேன். மன்னியுங்கள்.

---

காலிப்பானை

சிரிக்கத்தானே வைத்தது.

---

நிலாமுற்றம்

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை ஐயா. தண்ணீர்ச் சண்டைக்காக ஆரம்பித்த இழை இது.

நுண்ணோக்கி அக்கா, அப்படியானால் சிறுகுடலில் என்னதான் நடக்கிறது? கொஞ்சம் புரியும்படி சொல்லுங்களேன்.

---

நுண்ணோக்கி

சொல்கிறேன். காலிப்பானை ஐயாவுக்கு என் வணக்கம்.

சிறுகுடலின் முதல் 25 செ.மீ. முன்சிறுகுடல். இரைப்பையில் கூழாக அரைபட்டது, கதவிடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாக இங்கே பீய்ச்சப்படுகிறது. இரண்டு மில்லிமீட்டருக்குப் பெரிய துணுக்கை அந்தக் கதவு அநேகமாக விடாது, திருப்பி அனுப்பி மறுபடி அரைக்கச் சொல்லும். அமிலக் கூழ் வந்து விழுந்ததும் குடல் சுவர் செக்ரெட்டின் என்ற ஹார்மோனை விடுகிறது. 1902-ல் பெய்லிஸ், ஸ்டார்லிங் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள். "ஹார்மோன்" என்ற சொல்லே அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான் புழக்கத்துக்கு வந்தது. செக்ரெட்டின் கணையத்தைத் தட்டி எழுப்ப, பைகார்பனேட் நிறைந்த சாறு கொட்டி அமிலத்தை அடக்கிவிடும். இதைக் கவனியுங்கள்: நீங்கள் "நீர்த்துவிடுமே" என்று கவலைப்படும் அமிலத்தை, உடலே அடுத்த கட்டத்தில் வேலை மெனக்கெட்டு ஒழித்துக்கட்டுகிறது. ஏனென்றால் கணைய நொதிகளுக்கு அமிலம் ஆகாது.

மாவுச்சத்து சுலபம். அது குளுக்கோஸ் மணிகள் கோத்த நீளமான மாலை. வாயிலேயே எச்சில் அமிலேஸ் வெட்டத் தொடங்கும், கணைய அமிலேஸ் மிச்சத்தை வெட்டும். இரண்டு மூன்று மணி கொண்ட துண்டுகள் மிஞ்சும். அவற்றை வெட்டும் கத்தரி குடல் சுவரின் மேலேயே நட்டுவைக்கப்பட்டிருக்கிறது. பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸும் அங்கேதான். உலகில் மூன்றில் இரண்டு பங்குப் பெரியவர்களுக்கு அந்த லாக்டேஸ் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் விதிவிலக்கு இல்லை, அவர்கள்தான் பெரும்பான்மை.

புரதம் கொஞ்சம் ஆபத்தான சமாச்சாரம். கணையமே புரதத்தால் ஆனது. புரதம் வெட்டும் நொதியைத் தயாரித்து வைத்துக்கொண்டு தான் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். அதனால் டிரிப்சினோஜன் என்று பூட்டுப்போட்டு அனுப்புகிறது. பூட்டின் சாவி கணையத்தில் இல்லை, முன்சிறுகுடலின் சுவரில் இருக்கிறது. எண்டெரோகைனேஸ் என்று பெயர். அது ஒரு டிரிப்சினைத் திறந்துவிட்டால் போதும், அந்த டிரிப்சின் போய் மற்ற எல்லாப் பூட்டையும் திறக்கும். இந்தப் பூட்டு கணையத்துக்குள்ளேயே திறந்துகொண்டால் அதுதான் கணைய அழற்சி. அந்த வலியைப் பட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கொழுப்புதான் எனக்குப் பிடித்த பகுதி. எண்ணெய் தண்ணீரில் கரையாது. குடலுக்குள் இருப்பதோ தண்ணீர். நொதி தண்ணீர்ப் பக்கம் நிற்கிறது, கொழுப்பு பெரிய சொட்டாக மிதக்கிறது. இருவரும் சந்தித்தால்தானே வேலை நடக்கும்? பித்தநீர் நொதி இல்லை, சோப்பு. பெரிய சொட்டைப் பொடிச் சொட்டுகளாக உடைத்து அப்படியே பிரித்து வைக்கும். லைபேஸ் அவற்றின் மேல் உட்கார்ந்து வெட்டும். வெட்டிய துண்டுகளைப் பித்த உப்புகள் பொட்டலம் கட்டிக் குடல் சுவர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

செல்லுக்குள் போனதும் ஒரு வேடிக்கை. அவ்வளவு பாடுபட்டு வெட்டிய கொழுப்பைச் செல் திரும்ப ஒட்டி முழுக் கொழுப்பாக்கி, புரத உறை போட்டு வெளியே அனுப்புகிறது. அந்த உருண்டை மிகப் பெரியது, ரத்த நுண்குழாயில் நுழையாது. அதனால் நிணநீர்க் குழாய்க்குள் போய், மார்பு வழியாக ஏறி, இடது கழுத்தடியில் ஒரு சிரையில் ரத்தத்தோடு கலக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலமும் குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்க் கணக்குக் காட்ட வேண்டும். கொழுப்பில் பெரும்பங்கு கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

1622-ல் இத்தாலியில் காஸ்பரோ அசெல்லி, அப்போதுதான் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை நூல்கள் ஓடுவதைப் பார்த்தார். நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினார். பால் மாதிரி வழிந்தது. கொழுப்பு நிணநீரில் ஏறுவதை மனிதக் கண் பார்த்த கணம் அது. பசித்திருந்த நாயாக இருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

---

சந்தேகப்பேர்வழி

அருமை. ஆனால் அடுத்து யாராவது வந்து "சிறுகுடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு" என்று எழுதுவதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். அது பழைய கணக்கு. 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் மறுபடி அளந்து பார்த்ததில், வாய் முதல் ஆசனவாய் வரை எல்லாம் சேர்த்தே சராசரி 32 சதுர மீட்டர்தான் வந்தது. அரை பாட்மிண்டன் மைதானம். மடிப்பு, மடிப்பின் மேல் குடலுறிஞ்சி, அதன் மேல் நுண்ணிழை என்று மூன்று அடுக்காக விரித்தும் அவ்வளவுதான்.

---

நுண்ணோக்கி

டென்னிஸ் மைதானத்தை நானே வகுப்பில் பல வருஷம் சொல்லியிருக்கிறேன் 🙂 அந்த மாணவர்களிடம் மன்னிப்பு. அரை பாட்மிண்டன் மைதானமும் வயிற்றுக்குள் மடித்து வைக்கக் கொஞ்சமானது இல்லை.

---

நிலாமுற்றம்

நேற்று சும்மா இருக்க முடியாமல் ஒரு சோதனை செய்தேன். மாவைக் கரைத்துக் காய்ச்சிக் கெட்டியான கஞ்சி. இரண்டு கிண்ணத்தில் பாதிப் பாதி. ஆறியதும் ஒன்றில் என் எச்சில் (மன்னிக்கவும்), இன்னொன்றில் அதே அளவு தண்ணீர். ஸ்பூனால் கலக்கிவிட்டு வேடிக்கை பார்த்தேன். தண்ணீர் ஊற்றியது அப்படியே கெட்டியாக நின்றது. எச்சில் விட்டது சில நிமிஷத்தில் நெகிழ்ந்து, ஸ்பூனிலிருந்து ஒழுக ஆரம்பித்துவிட்டது! கணவரும் வந்து பார்த்தார். "அந்தக் கிண்ணத்தைத் தனியா கழுவு" என்றார். வேறு கருத்து எதுவும் இல்லை.

---

கரைசல்

பிரமாதம்! மருந்துப் பெட்டியில் அயோடின் டிங்ச்சர் இருந்தால் இரண்டிலும் ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருக்கும் கிண்ணம் கருநீலமாகும். எச்சில் கிண்ணம் நேரமாக ஆகச் செம்பழுப்பாகி, கடைசியில் அயோடின் நிறத்திலேயே நிற்கும். சோதனை முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிடுங்கள். இன்னொன்று: எச்சிலோடு ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் நொதி படுத்துவிடும். அமிலத்தில் அமிலேஸ் வேலை செய்யாது என்று பாடம் நடத்தாமலே புரியும்.

---

தூயகுடல்

இவ்வளவு பேசுறீங்க, ஆனா முக்கியமானதை மறைக்கிறீங்க. ஒவ்வொருத்தர் குடல் சுவர்லயும் வருஷக்கணக்கா கிலோக்கணக்குல கழிவு ஒட்டிக் கிடக்கு. அதை எடுக்காம எந்தச் சத்தும் உள்ளே போகாது. எங்க மூலிகைப் பொடியை ஏழு நாள் எடுத்துப் பாருங்க, தொடர்புக்கு

[மீதி நீக்கப்பட்டது. நெறியாளர்: விற்பனைப் பதிவுக்கு இங்கே இடமில்லை. இரண்டாவது எச்சரிக்கை.]

---

நுண்ணோக்கி

பதிவு போனாலும் அந்த நம்பிக்கை போகாது, அதனால் ஒரு வரி. சிறுகுடலின் உட்புறச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதுசாகின்றன. ஒட்டிக்கொள்ளச் சுவரே நிலையாக இல்லாத இடத்தில் பத்து வருஷக் கழிவு எதைப் பிடித்துக்கொண்டு தொங்கும்? குடலை உள்நோக்கிக் கருவியால் தினமும் பார்க்கிறவர்கள் கண்ணில் அது ஏன் படுவதே இல்லை?

---

இரவுப்பறவை

பழம் அழுகும்னு சொன்னதுக்கு யாருமே பதில் சொல்லலையே. எனக்குப் பயறு, பழம் சாப்பிட்டா உண்மையிலேயே வாயு வருது. அழுகாம எப்படி வாயு?

---

நுண்ணோக்கி

இரைப்பை அமிலத்தில் அழுக வைக்கும் கிருமிகள் பெருக முடியாது. பழத்தின் சர்க்கரை சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும், முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும்.

வாயு வருவது வேறு இடத்தில். நம்மிடம் கத்தரி இல்லாத நார்ச்சத்தும், பயறில் இருக்கும் சிலவகைச் சர்க்கரைகளும் வெட்டுப்படாமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்களிடம் அந்தக் கத்தரி உண்டு. அவை அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலரிடம் மீத்தேன் விடும். அதோடு பியூட்டிரேட் போன்ற குட்டையான கொழுப்பு அமிலங்களையும் விடும். பெருங்குடல் செல்களுக்கு முதன்மை எரிபொருள் அந்த பியூட்டிரேட்தான். "அழுகல்" என்று நீங்கள் திட்டுவது உங்கள் குடலுக்குச் சோறு போடும் வேலை. பயறைக் கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டினால் பலருக்குப் பழகிவிடும்.

அந்தப் பாக்டீரியாக்கள் நம் செல்களைவிடப் பத்து மடங்கு என்பார்கள். 2016-ல் திருத்திய கணக்கு: ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, சுமார் 38 லட்சம் கோடி. (சந்தேகப்பேர்வழி, இந்தத் தடவை நான் முந்திவிட்டேன்.)

---

கரைசல்

தண்ணீரில் ஆரம்பித்தோம், அதனால் தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு நாளைக்குக் குடலுக்குள் வருவது சுமார் 9 லிட்டர். நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து 2 லிட்டர்தான். மீதி 7 லிட்டர் எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணையச் சாறு, குடல் சாறு என்று உடலே ஊற்றுவது. வெளியே போவது 100 முதல் 200 மி.லி. மிச்சம் அத்தனையும் திரும்ப உள்ளே.

எப்படி இழுக்கிறது? தண்ணீருக்கென்று பம்பு கிடையாது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தால்தான் திறக்கும் ஒரு வாசல் குடல் செல்லில் இருக்கிறது. அவை இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1960-ல் ராபர்ட் கிரேன் இந்த வாசலைப் பற்றிச் சொன்னார். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இந்த வாசல் கெடுவதில்லை. வெறும் தண்ணீர் கொடுத்தால் போதாது, வெறும் உப்புத்தண்ணீரும் போதாது, குளுக்கோஸ் சேர்த்தால்தான் தண்ணீர் உடலில் நிற்கும். 1971-ல் வங்கப் போர் அகதிகள் முகாமில் திலீப் மஹாலனோபிஸ் இதை வாளி வாளியாகக் கலக்கிக் கொடுத்துத்தான் உயிர்களைக் காத்தார். இன்றைய உப்புக் கரைசல் பொட்டலத்தில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு. பின்பக்கம் அச்சடித்திருக்கும், பாருங்கள். ஒரு வாசலின் இயக்கம் புரிந்ததற்கு இவ்வளவு பலன். வேதியியல் வாத்தியாருக்குக் கண் கலங்கும் இடம் இது.

---

காலிப்பானை

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், இந்த இழைக்கு அதுதான் முக்கியம்.

எனக்கு மருத்துவர் போட்ட முதல் கட்டளை: சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே. அரை மணி இடைவெளி விடு.

ஆமாம், நிலாமுற்றம் கணவர் சொன்னதேதான். ஆனால் நீர்த்துப்போக என்னிடம் அமிலமே இல்லையே! காரணம் வேறு. எனக்குக் கதவு இல்லை. நுண்ணோக்கி அம்மா சொன்ன அந்த இடுக்குக் கதவு இரைப்பையோடு போய்விட்டது. சாதாரண ஆளுக்கு இரைப்பை உணவைப் பிடித்து வைத்துக்கொண்டு, கணக்குப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும். எனக்குச் சாப்பிட்டது தடதடவென்று சிறுகுடலில் விழும். தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் வேகமாக. இனிப்பாக எதையாவது வேகமாகக் குடித்தால் இருபது நிமிஷத்தில் நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், படுத்தே ஆக வேண்டும். சில சமயம் இரண்டு மணி கழித்துச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்.

செரிக்கிறதா என்றால் செரிக்கிறது. இழந்தது செரிமானத்தை இல்லை, நிதானத்தை. நாளைக்கு ஆறு வேளை, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. இரைப்பை செய்துகொண்டிருந்த கணக்குப்பிள்ளை வேலையை இப்போது நானே கடிகாரம் பார்த்துச் செய்கிறேன்.

பி12 ஊசியும் உண்டு, ஆயுசுக்கும். அந்த வைட்டமினைக் கைபிடித்துச் சிறுகுடலின் கடைசி வரை கூட்டிப்போகும் புரதம் இரைப்பையில்தான் சுரக்குமாம். அந்தப் புரதம் இல்லாவிட்டால் பி12 உள்ளே நுழையாமல் வாசலைக் கடந்து போய்விடும்.

---

நுண்ணோக்கி

ஐயா, இதை என் அடுத்த வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன், உங்கள் அனுமதியோடு. இரைப்பையைப் பக்கவாத்தியம் என்று நான் எழுதியது தப்பு. தாளம் போடுகிறவர் என்று எழுதியிருக்க வேண்டும்.

---

காலிப்பானை

தாராளமாக. பெயர் மட்டும் வேண்டாம், "காலிப்பானை" போதும்.

---

நிலாமுற்றம்

இழை முழுவதையும் கணவர் படித்துவிட்டார். தண்ணீர் டம்ளர் மேசைக்குத் திரும்பிவிட்டது. தோற்றேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை, "அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது சரிதானே" என்கிறார். அவர் சார்பில் ஒரு கேள்வி: பசிக்கும்போது வயிறு ஏன் உறுமுகிறது?

---

நுண்ணோக்கி

பசித்திருக்கும்போது ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை இரைப்பையில் தொடங்கிச் சிறுகுடலின் கடைசி வரை ஒரு சுருக்க அலை ஓடும். மிச்சம் மீதி, உதிர்ந்த செல், தங்கிய கிருமி எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளும் வேலை. காலியான குழாயில் காற்றும் நீரும் அசைவதுதான் சத்தம். ஒரு வாய் சாப்பிட்டாலே பெருக்குவது நின்றுவிடும்.

---

காலிப்பானை

எனக்கு இப்போதும் உறுமுகிறது. பசிதான் தெரிவதில்லை. பசி ஹார்மோனில் பெரும்பங்கு இரைப்பையில்தான் சுரக்குமாம், அதுவும் போய்விட்டது. உறுமல் கேட்டால் மணி பார்ப்பேன். இப்போதும் கேட்கிறது, நான்காவது வேளைக்கு நேரமாகிவிட்டது, வருகிறேன்.